வால்பேப்பர் உரித்த சுவர்: பசை, பட்டி, பிரைமர் – பெயிண்டுக்கு முன் என்ன செய்யணும்?

#1 வேளச்சேரி வாசி

வணக்கம். அடுக்குமாடி வீடு, இரண்டாவது மாடி, கட்டி 12 வருஷம். ஹாலில் டிவி சுவர் 12க்கு 10 அடி, படுக்கையறையில் ஒரு சுவர் 14க்கு 10 அடி. இரண்டிலும் பிவிசி வால்பேப்பர் இருந்தது, உரித்தாயிற்று.

ஹாலில் மேல் பிளாஸ்டிக் மட்டும் வந்தது. அடிக் காகிதம் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. காகிதம் போன இடத்தில் பழைய கிரீம் கலர் எமல்ஷன் (தண்ணீர் கலக்கும் பெயிண்ட்), சில இடங்களில் அதுவும் பெயர்ந்து உள்ளே வெள்ளையாகத் தெரிகிறது. படுக்கையறைச் சுவரில் கீழே 2 அடி உயரத்துக்குக் கருப்புப் புள்ளி, ஸ்கர்டிங்குக்கு (சுவரடியில் ஒட்டும் டைல்ஸ் பட்டைக்கு) மேலே உப்பு பூத்திருக்கிறது.

பார்க்க வந்த பெயிண்டர், உப்புத்தாள் தேய்த்து மேலே ரெண்டு கை (கோட்) பட்டி, அதாவது சுவரைச் சமன் செய்யும் மாவுப் பூச்சு, இழுத்தால் போதும் என்கிறார். போதுமா?

#2 பட்டிபிளேடு

போதாது சார். அவர் சொல்றது ஒரு நாள் கூலியை மிச்சம் பண்ற வழி.

காய்ஞ்ச பசை கண்ணுக்குத் தெரியாது. அது மேல பட்டி இழுத்தா, பட்டியில இருக்கிற தண்ணியைக் குடிச்சு பசை ஊதும், காயும்போது சுருங்கும். பட்டி பிடிச்சிருக்கிறது சுவரை இல்ல, அந்தப் பசையை. சில சமயம் பிரைமர் (பெயிண்டுக்கு முன்னாடி அடிக்கிற அடிப்பூச்சு) அடிக்கும்போதே ரோலரோட அப்பளம் மாதிரி எழும்பி வந்துடும். அன்னிக்குத் தப்பிச்சாலும் முதல் மழைக்காலத்துல வரும். பட்டியே இல்லாம நேரா எமல்ஷன் அடிச்சா மயிரிழை வெடிப்பு வலைவலையா விழும்.

உப்புத்தாளால பசையை எடுக்க முடியாது. தேய்க்கிற சூட்டுல இளகித் தாள்ல அடைச்சுக்கும், நாலு இழுப்புக்கு ஒரு தாள் வீண். தண்ணிதான் ஒரே வழி.

ஹால் சுவருக்கு இப்படிப் பண்ணுங்க. எம்சிபியை (மின் பலகையில இருக்கிற கரண்ட் ஸ்விட்சை) ஆஃப் பண்ணி, ஸ்விட்ச் பிளேட்டைக் கழட்டி, பாக்ஸ் வாயை மாஸ்கிங் டேப் போட்டு மூடுங்க. தரையில பாலித்தீன் விரிச்சு ஸ்கர்டிங்கோட சேர்த்து ஒட்டிடுங்க. கரைஞ்ச பசை டைல்ஸ்ல காய்ஞ்சா அது தனி ரோதனை.

கை பொறுக்கிற சூட்டுல வெந்நீர், 10 லிட்டர் வாளிக்கு ரெண்டு ஸ்பூன் பாத்திரம் கழுவுற லிக்விட். செடிக்கு அடிக்கிற ஸ்பிரேயர்ல ஊத்தி, ஒரு தடவைக்கு 3 அடிக்கு 3 அடி மட்டும் நனைங்க. மொத்தச் சுவரையும் நனைச்சா நீங்க கடைசிக்குப் போறதுக்குள்ள முதல் பக்கம் காய்ஞ்சிருக்கும். 10 நிமிஷம் கழிச்சு மறுபடி நனைச்சு இன்னும் 5 நிமிஷம் விடுங்க. காகிதம் நிறம் மங்கி, நகத்தால சுரண்டினா கூழா வரணும். அதுக்கு முன்னாடி பிளேடைத் தொடாதீங்க. 4 இன்ச் பிளேடு போதும். ரெண்டு மூலையையும் உப்புத்தாள்ல தேய்ச்சு மழுக்கிக்கிட்டா சுவர்ல கீறல் விழாது. நல்லா சாய்ச்சுப் பிடிச்சுத் தள்ளணும், நிமித்திப் பிடிச்சா குத்தும்.

காகிதம் போனா பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு. அடுத்து பசை. ஸ்பாஞ்சும் புது வெந்நீரும் வச்சு கீழிருந்து மேல கழுவிட்டுப் போங்க. மேலிருந்து ஆரம்பிச்சா பசைத் தண்ணி கீழ காய்ஞ்ச இடத்துல வழிஞ்சு கோடு விழும். ரெண்டு வாளி வச்சுக்குங்க, ஒண்ணு பிழிய, ஒண்ணு நல்ல தண்ணி. வெளுத்துக் கலங்கினா மாத்துங்க. கடைசியில சோப்பு கலக்காத தண்ணியில ரெண்டு தடவை.

#3 வேளச்சேரி வாசி

நன்றி அண்ணே. பசை முழுசா போயிடுச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? கையில் தடவினால் ஒன்றும் தெரியவில்லை.

#4 கட்டுமானக் கிறுக்கன்

காய்ந்த கையால் காய்ந்த சுவரைத் தடவினால் தெரியாது. சுவரில் ஓர் உள்ளங்கை அளவு நனைத்து, ஒரு நிமிடம் கழித்து இரண்டு விரலால் வட்டமாகத் தேய்த்துப் பாருங்கள். வழுக்கினால், விரல்கள் லேசாகப் பிசுபிசுத்தால், பசை இருக்கிறது. சொரசொரவென்று இருந்தால் சுத்தம். சுவருக்கு எட்டு, பத்து இடமாவது பாருங்கள். குறிப்பாக மூலைகளிலும், கூரையை ஒட்டியும், இரண்டு ரோல்கள் சேர்ந்த இணைப்புக் கோடுகளிலும். ஒட்டுபவர்கள் அங்கேதான் பசையைத் தாராளமாகத் தடவுவார்கள்.

அயோடின் சோதனையும் உண்டு. மருந்துக்கடை டிங்சர் அயோடின் ஒரு மூடிக்கு 10 மூடி தண்ணீர், ஒரு சொட்டு வைத்தால் ஸ்டார்ச் பசை கருநீலமாகும். இதில் இரண்டு எச்சரிக்கை. மிச்சமிருக்கும் காகிதத்திலும் ஸ்டார்ச் இருக்கக்கூடும் என்பதால் காகிதம் போன இடத்தில்தான் சொட்டு வைக்க வேண்டும். அடுத்தது, நிறம் மாறாவிட்டால் சுவர் சுத்தம் என்று அர்த்தமில்லை. செல்லுலோஸ் பசைக்கும் ஃபெவிகால் வகை வெள்ளைப் பசைக்கும் இதை நம்ப முடியாது. நம்மூரில் பசைப் பொடியோடு வெள்ளைப் பசையைக் கலந்து ஒட்டுவது சகஜம். அந்த வெள்ளைப் பசை வெந்நீரில் கரையாது. வெளுத்து, ரப்பர் பதத்துக்கு இளகும், அந்தப் பதத்தில் சுரண்டி எடுக்க வேண்டும். தேய்த்துக் கழுவியே போக்கிவிடலாம் என்று நினைத்தால் சுவர் முழுக்கப் பரவும்.

தண்ணீர் தெளிக்கும் முன் இன்னொன்று. எமல்ஷன் பெயர்ந்து உள்ளே வெள்ளையாகத் தெரிகிறது என்கிறீர்கள். அது சிமெண்ட் பூச்சின் மேல் இருக்கும் பட்டியா, சுவரே ஜிப்சம் பூச்சா? 12 வருஷக் கட்டடம் என்றால் இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு. ஸ்விட்ச் பாக்ஸ் ஓரத்தில் சாவியால் ஆழமாகக் கீறுங்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் சாம்பல் நிறமும் மணலும் வந்தால் சிமெண்ட் பூச்சு. 10 மில்லிமீட்டர் போனாலும் வெள்ளையாக, மாவாக உதிர்ந்தால் ஜிப்சம். ஜிப்சமாக இருந்தால் மேலே சொன்னபடி ஊற்றி நனைக்கக் கூடாது. ஈரத்தில் அதன் வலு குறையும், பிளேடு பட்டால் குழி விழும். மெல்லிய தூறலாகத் தெளித்து, நேரம் கொடுத்து, பிளாஸ்டிக் பிளேடால் எடுக்க வேண்டும். வால்பேப்பர் உரிக்கும் நீராவி மெஷினை ஜிப்சம் பக்கம் கொண்டு போகவே வேண்டாம்.

#5 வேளச்சேரி வாசி

கீறிப் பார்த்தேன். 2 மில்லிமீட்டருக்கு உள்ளே சாம்பல் நிறம், மணல். சிமெண்ட் பூச்சுதான். யூடியூபில் துணிக்குப் போடும் கண்டிஷனர் கலந்தால் பசை சீக்கிரம் இளகும் என்கிறார்கள். தின்னர் போடலாமா?

#6 கலர்கடை திருச்சி

கண்டிஷனர் வேண்டாம். துணியை மெத்தென்று வைக்கும் அதே வழவழப்புப் பொருள் சுவரிலும் படியும். அதன் மேல் பிரைமர் சரியாகப் பிடிக்காது. பசை போய்க் கண்டிஷனர் வந்தால் என்ன லாபம்? ஸ்டார்ச் பசைக்கு வினிகர் கொஞ்சம் உதவும், ஆனால் வெந்நீரும் நேரமும் செய்யும் வேலையை விட அதிகமாக ஒன்றும் செய்யாது.

தின்னரும் இந்தப் பசைக்கு வேண்டாம். அது தண்ணீரில் இளகும் பசை. தின்னர் எமல்ஷனைத்தான் கரைக்கும். மூடிய அறையில் நெடியும் நெருப்பு அபாயமும் வேறு. அது தேவைப்படுவது ஸ்டிக்கர் வகைக்கு, அதாவது பின் தாளை உரித்து ஒட்டுகிறோமே, அந்த வால்பேப்பருக்கும் ஃபோம் பேனலுக்கும். அந்தப் பசை தண்ணீருக்கு மசியாது. ஹேர் டிரையரால் சூடு காட்டிக்கொண்டே மெதுவாக இழுத்தால் பெரும்பகுதி வந்துவிடும். மிச்சத்துக்குத் துணியில் மினரல் டர்பன்டைன் தொட்டுத் தேய்த்து, பிறகு சோப்புத் தண்ணீரில் துடைக்க வேண்டும். ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பும் விளக்கும் பக்கத்தில் கூடாது. டர்பன்டைன் பட்ட துணியைச் சுருட்டி மூலையில் போடாமல் வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

#7 வேளச்சேரி வாசி

இங்கே ஒட்டியது பசை தடவின ரோல்தான், ஸ்டிக்கர் இல்லை. அடுத்த கேள்வி: பழைய கிரீம் எமல்ஷனை விட்டுவைக்கலாமா, சுரண்டி எடுக்கணுமா? பெயிண்டர் வெள்ளை சிமெண்ட் பட்டி 40 கிலோ மூட்டை வாங்கச் சொல்கிறார்.

#8 பட்டிபிளேடு

மூட்டை வாங்கறதுக்கு முன்னாடி எமல்ஷன் நிக்குதான்னு பாருங்க. பிளேடால 2 இன்ச்சுக்கு ஒரு பெருக்கல் குறி கீறி, மேல நல்ல பிசின் உள்ள டேப்பை அழுத்தி ஒட்டி, ஒரு நிமிஷம் விட்டு வெடுக்குன்னு இழுங்க. கீறல் ஓரத்திலேருந்து பெயிண்ட் டேப்போட வந்தா அந்த இடம் நிக்காது. சுவருக்கு அஞ்சாறு இடம் பாருங்க. கூடவே உள்ளங்கையால தேய்ச்சுப் பாருங்க, மாவு ஒட்டினா அடியில இருக்கிறது டிஸ்டம்பர்ங்கிற மலிவு பூச்சு. டிஸ்டம்பர்னா பேச்சே இல்ல, முழுசா சுரண்டி எடுக்கணும்.

மூணுல ஒரு பங்குக்கு மேல போச்சுன்னா மொத்தத்தையும் சுரண்டிடுங்க. திட்டுத்திட்டா விட்டு வச்சு ஒவ்வொரு ஓரத்தையும் சரி பண்றதுக்கு சுரண்டறதே சுலபம்.

வெள்ளை சிமெண்ட் பட்டி, எமல்ஷன் மேல போடற சாமான் இல்ல. அது தண்ணி உறிஞ்சுற பூச்சைத்தான் பிடிக்கும். முழுசா சுரண்டி சிமெண்ட் பூச்சோ பழைய சிமெண்ட் பட்டியோ தெரியுதுன்னா அதைப் போடுங்க. எமல்ஷன் நல்லா நிக்குது, பெயர்ந்த இடத்தை மட்டும் சமன் பண்ணணும்னா அக்ரிலிக் பட்டி. அதுவும் 150 நம்பர் உப்புத்தாள்ல பளபளப்பைப் போக்கி, தூசி துடைச்சு, ஒரு கை பிரைமர் அடிச்ச பிறகு.

#9 மூணாவது மாடி

ஒரு குறுக்குக் கேள்வி. இவ்வளவு கழுவுவதற்குப் பதில் ஆயில் பிரைமர் ஒரு கை அடித்துப் பசையை அப்படியே மூடிவிட்டால் என்ன? அதில் தண்ணீரே இல்லையே, பசை ஊதாதே?

#10 பட்டிபிளேடு

ஊதாது, சரிதான். ஆனா அந்த பிரைமரும் பசை மேலதான் நிக்கும். பசை எங்கேயாவது தடிமனா இருந்தா அதோட சேர்ந்து உரியும். கழுவாம தப்பிக்கிறதுக்கு ஆயில் பிரைமர்னா நான் ஒத்துக்கமாட்டேன்.

#11 கட்டுமானக் கிறுக்கன்

நான் பாதி ஒத்துக்கொள்வேன். இரண்டு தடவை கழுவி, விரல் சோதனையில் சில இடங்களில் மட்டும் லேசாக வழுக்குகிறது, இதற்கு மேல் நனைத்தால் பூச்சுக்கே கெடுதல் என்ற நிலையில் அந்த மிச்சத்தை அடைக்க சால்வென்ட் பிரைமர், அதாவது இதே ஆயில் பிரைமர், நல்ல வழி. மினரல் டர்பன்டைன் கலந்து ஒரே கை, ராத்திரி முழுக்கக் காயவிட்டு, 220 உப்புத்தாளால் மேலோட்டமாகத் தேய்த்து, அதன் மேல் அக்ரிலிக் பட்டி. வெள்ளை சிமெண்ட் பட்டி அதன் மேல் பிடிக்காது.

இரண்டு இடத்தில் ஆயில் பிரைமர் கூடவே கூடாது. ஒன்று ஓதம் (ஈரக் கசிவு) உள்ள சுவர். இன்னொன்று புதுப் பூச்சு அல்லது புதிதாகப் போட்ட வெள்ளை சிமெண்ட் பட்டி. சிமெண்டின் காரமும் ஈரமும் சேர்ந்தால் ஆயில் பிரைமரில் உள்ள எண்ணெய் சோப்பாக மாறும். மாதக்கணக்கில் பிசுபிசுவென்று இருந்துவிட்டு ஏடாக உரியும். படுக்கையறைச் சுவருக்கு இந்த யோசனையையே எடுத்துப் போகாதீர்கள்.

#12 ரொறன்ரோ தமிழ்

குறுக்கால எழுதுறதுக்கு மன்னிக்கோணும். கனடா, அமெரிக்கா வீடுகளில இருக்கிற ஆக்களுக்காக. இங்க சுவர் சிமெண்ட் இல்லை, ட்ரைவோல். ஜிப்சத்துக்கு மேல ஒரு தடிச்ச காகிதம் இருக்கும். பிரைமர் அடிக்காத ட்ரைவோலில நேரா வோல்பேப்பர் ஒட்டியிருந்தால், உரிக்கேக்க அந்தக் காகிதமும் சேர்ந்து கிழியும், உள்ளுக்க மண்ணிறக் காகிதம் தெரியும். அதுக்கு மேல ஜொயின்ற் கொம்பவுண்டோ (இங்கத்தைப் பட்டி) தண்ணிப் பெயின்ற்றோ பட்டால் குமிழ் குமிழாய் எழும்பும். கிழிஞ்ச ஓரத்தைக் கூரான கத்தியால வெட்டி எடுத்து, லேசாத் தேய்ச்சு, முதல்ல அடைச்சுப்போடுங்கோ. ஷெல்லாக் பிரைமர் அல்லது ஆயில் பிரைமர் சரி. ஜின்சர் கார்ட்ஸ் எண்டு தண்ணிமாதிரி ஒண்டு விக்கினம், கிழிஞ்ச ட்ரைவோலுக்கும் மிச்சப் பசைக்கும் எண்டே செய்தது. அது காய்ஞ்ச பிறகு கொம்பவுண்டை மெல்லிசா ரெண்டு மூண்டு தரம் இழுத்துத் தேய்க்கலாம்.

1980க்கு முந்தின வீடெண்டால் உலர்வாத் தேய்க்க வெளிக்கிட முதல் சோதிச்சுப் பாருங்கோ. பழைய ஜொயின்ற் கொம்பவுண்டில அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். ஈயப் பெயின்ற்றை அமெரிக்காவில 1978இலதான் வீட்டுப் பாவனைக்குத் தடை செய்தவை.

#13 கலர்கடை திருச்சி

ஈயம் பற்றி அக்கா சொன்னது இங்கேயும் பொருந்தும். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. எமல்ஷனை விட எனாமலில்தான் (ஆயில் பெயிண்ட்) பயம். வால்பேப்பருக்கு அடியில் பளபளவென்று பழைய எனாமல் பட்டை இருந்தால் அதை உலர்வாகத் தேய்க்காமல், நனைத்து நீர்த்தாளால் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்து, சகதியைத் துணியில் ஒற்றி எடுத்துவிடுங்கள். குழந்தைகள் அந்த அறைப் பக்கம் வரக் கூடாது. மற்ற தேய்ப்பு வேலைக்கும் என்95 மாஸ்க் இல்லாமல் இறங்காதீர்கள். பட்டித் தூசி தொண்டையை அறுக்கும்.

#14 வேளச்சேரி வாசி

குறித்துக்கொண்டேன். படுக்கையறைச் சுவருக்கு என்ன செய்வது? சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை.

#15 கட்டுமானக் கிறுக்கன்

குளியலறை என்றதுமே பாதி பதில் வந்துவிட்டது. இரண்டாவது மாடி என்பதால் தரையிலிருந்து ஏறும் ஓதம் இல்லை. பிவிசி வால்பேப்பர் ஈரத்தை வெளியே விடாது. சுவருக்குள் வந்த ஈரம் அதன் பின்னால் தேங்கிப் பூஞ்சை பிடித்தது. அந்த ஈரம் பூச்சில் இருந்த உப்பைக் கரைத்து வெளியே கொண்டு வந்து காய்ந்ததுதான் வெள்ளைப் பூப்பு. வால்பேப்பர் இதை மறைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

ஆகவே இந்தச் சுவரில் பட்டி, பிரைமர் எதுவும் இப்போது வேண்டாம். முதலில் ஈரம் இன்னும் வருகிறதா என்று பாருங்கள். 18 இன்ச் சதுர பாலித்தீன் ஒன்றை நாலு பக்கமும் டேப் ஒட்டிக் காற்றுப் புகாமல் சுவரில் பதித்து 24 மணி நேரம் விடுங்கள். சுவரைப் பார்த்த பக்கம் வேர்த்திருந்தால் சுவரில் ஈரம். அறையைப் பார்த்த பக்கம் வேர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரப்பதம். ஓத மீட்டர் வைத்திருப்பவர்கள் அதில் வரும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். பெரும்பாலானவை மரத்துக்கு அளவு வைத்தவை, சுவரில் உப்பு இருந்தால் ஏற்றிக் காட்டும். அதே வீட்டில் காய்ந்த ஒரு சுவரில் வைத்து, இரண்டையும் ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள்.

ஈரம் இருந்தால் குளியலறையில் தேடுங்கள். தரை நீர்ப்போக்கியை அடைத்து ஒரு இன்ச் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி 24 மணி நேரம் விட்டால் தரை ஒழுகுகிறதா என்று தெரியும். சுவருக்குள் ஓடும் குழாய்க்குப் பிளம்பரை வைத்துப் பிரஷர் டெஸ்ட். இரண்டும் சரி என்றால், டைல்ஸ் இடுக்கில் கிரவுட் (இடுக்கை அடைக்கும் பூச்சு) போயிருக்கும். சுரண்டி எடுத்து எப்பாக்சி கிரவுட் போட வேண்டும். ஒழுகல் நிற்காமல் உள்பக்கம் வாட்டர்புரூஃப் கோட்டிங் அடித்தால் ஈரம் அதற்கு மேலே ஏறி 4 அடி உயரத்தில் வெளியே வரும். அதை விற்கும் விளம்பரத்தில் இந்த விஷயம் இருக்காது.

#16 கலர்கடை திருச்சி

ஒழுகல் நின்ற பிறகு செய்ய வேண்டியதை நான் சொல்கிறேன். முதலில் உப்பு. அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து திரும்பப் பூச்சுக்குள்ளேயே போகும். காய்ந்த தேங்காய் நார் பிரஷ்ஷால் தேய்த்து, உதிர்ந்ததை அள்ளி வெளியே கொட்டுங்கள். ஒரு வாரம் கழித்துப் பூத்தால் மறுபடியும். பூப்பது நிற்கும் வரை.

பூஞ்சைக்கு எதிர்முறை. உலர்வாகத் தேய்த்தால் வீடு முழுக்கப் பரவும். 4 முதல் 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு. ஸ்பாஞ்சால் தடவி 15–20 நிமிடம் விட்டு, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து நல்ல தண்ணீரால் துடைக்க வேண்டும். கையுறை, கண்ணாடி, ஜன்னல் திறப்பு மூன்றும் கட்டாயம். இதோடு டாய்லெட் கழுவும் ஆசிடோ, வினிகரோ எக்காரணம் கொண்டும் கலக்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். பிளீச்சிங் பவுடரைக் கரைத்துப் போடுகிறவர்கள் உண்டு. அதில் சுண்ணாம்புப் படிவு சுவரில் தங்கும், பிறகு அது உப்பா படிவா என்ற குழப்பம்.

#17 வேளச்சேரி வாசி

ஸ்கர்டிங்குக்கு மேலே ஒன்றரை அடி வரை தட்டினால் டொப்பு டொப்பென்று சத்தம் கேட்கிறது. விரலால் குத்தினால் மணலாக உதிர்கிறது.

#18 கட்டுமானக் கிறுக்கன்

அந்தப் பூச்சு போய்விட்டது, பட்டியால் அதைக் காப்பாற்ற முடியாது. பாதிப்பு தெரியும் உயரத்துக்கு மேலே இன்னும் ஓர் அடி சேர்த்து, நேர்கோடாக வெட்டி, செங்கல் தெரியும் வரை கொத்தி எடுங்கள். செங்கல் இடுக்குகளை 10 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி, தூசி தட்டி, நனைத்து, 1:4 சிமெண்ட் மணல் கலவையில் 12 மில்லிமீட்டர் பூச்சு. கலவையில் நீர்த்தடுப்பு திரவம் சேர்க்கலாம். டாக்டர் ஃபிக்சிட் எல்டபிள்யூ பிளஸ் என்றால் 50 கிலோ மூட்டைக்கு 200 மில்லி. உங்களுக்கு ஒரு மூட்டை முழுக்கத் தேவைப்படாது, அந்த விகிதத்தில் குறைத்துக்கொள்ளுங்கள். 7 நாள் தண்ணீர் அடித்து, அதன் பிறகு குறைந்தது 21 நாள் காய விட வேண்டும். கொத்தனார்கள் பழைய பூச்சோடு சேரும் இடத்தைக் கொஞ்சம் மேடாக விட்டுவிடுவார்கள். மட்டக்கோல் வைத்துப் பார்த்து ஈரத்திலேயே சரி செய்யச் சொல்லுங்கள். காய்ந்த பிறகு அந்த மேட்டைப் பட்டியில் மறைக்க அரை மூட்டை போகும்.

#19 பட்டிபிளேடு

இதுக்கு ஒரு மாசம் ஆகும்ல, அதுவரை ஹாலை முடிச்சுடுங்க. கழுவின சுவர் இப்ப வெயில்ல ரெண்டு நாள் ஃபேன் போட்டாக் காயும். ஐப்பசி, கார்த்திகையில நாலஞ்சு நாளாவது விடணும், அப்பவும் கைவெச்சா சில்லுன்னு இருந்தா இன்னும் ஒரு நாள்.

முழுசா சுரண்டிட்டீங்கன்னு வச்சுக்குங்க. வெடிப்பு இருந்தா மயிரிழைன்னு விடாம பிளேடு மூலையால வி மாதிரி 4–5 மில்லிமீட்டர் அகலம் திறந்து, தூசி ஊதி, அக்ரிலிக் கிராக் ஃபில்லர் அடைங்க. செங்கல் சுவரும் கான்கிரீட் பீமும் சேர்ற இடத்துல நீளமா ஓடுற வெடிப்புன்னா ஃபில்லர் மட்டும் நிக்காது, மேல ஃபைபர் மெஷ் டேப் ஒட்டி பட்டி இழுக்கணும். டிவி மாட்டின ஓட்டையில பிளக் இருந்தா பிடுங்கிட்டு அடைங்க, உள்ளே தள்ளி மூடினா பின்னாடி புடைச்சுக்கும். பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) வச்சு அடைக்கறவங்க இருக்காங்க, சீக்கிரம் இறுகும்னு. மறுபடி அங்க டிவி மாட்டப் போறீங்கன்னா வேணாம்.

பட்டி கலக்கிறது கிலோவுக்கு 350லிருந்து 380 மில்லி தண்ணி. முதல்ல கொஞ்சம் தண்ணியில கெட்டியாக் குழைச்சு, 10 நிமிஷம் ஊறவிட்டு, மீதித் தண்ணி. ரெண்டு மணி நேரத்துல தீர்ற அளவு மட்டும் கலக்குங்க. இறுக ஆரம்பிச்சதுல தண்ணி விட்டு இளக்கினா காய்ஞ்சதும் மாவா உதிரும், இதை எல்லா சைட்லயும் பாக்கலாம். சுவரை லேசா நனைச்சு முதல் கை கீழிருந்து மேல இழுக்கணும். ஒரு கைக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல போகக் கூடாது. ஆறு மணி நேரம் கழிச்சு ரெண்டாவது கை. மறுநாள் 180ல தேய்ச்சு, 320ல முடிங்க.

தேய்ச்சதும் சுவரைத் துடைக்காம பிரைமர் அடிக்கிறது பெரிய வியாதி. பிரைமர் தூசியைப் பிடிச்சுக்கும், சுவரைப் பிடிக்காது. பின்னாடி மாஸ்கிங் டேப் ஒட்டி எடுக்கும்போது தகடா வரும். பிழிஞ்ச ஈரத் துணியால மேலிருந்து கீழ ரெண்டு தடவை துடைங்க.

#20 வேளச்சேரி வாசி

அப்படியானால் 40 கிலோ மூட்டை தேவையா?

#21 கலர்கடை திருச்சி

ஹால் 120 சதுர அடி, படுக்கையறை 140, மொத்தம் 260. இரண்டு கைக்கு ஒரு கிலோ பட்டி சுமார் 12 சதுர அடி வரும். ஹாலுக்கு 10 கிலோ, பள்ளம் அதிகம் என்றால் 12. இரண்டுக்கும் சேர்த்து 20 கிலோ மூட்டையும் ஒரு 5 கிலோ பாக்கெட்டும் போதும். படுக்கையறைக்கு ஒரு மாதம் கழித்துதான் வேலை என்பதால் மொத்தமாக இப்போதே வாங்காதீர்கள். திறந்த மூட்டை மழைக்காலக் காற்றில் கட்டி பிடிக்கும்.

தண்ணீர் பிரைமர் ஒரு கைக்கு லிட்டருக்கு 100 சதுர அடி என்று வையுங்கள், இரண்டு சுவருக்கும் 3 லிட்டருக்குள் முடியும். எமல்ஷன் இரண்டு கைக்கு லிட்டருக்கு 60 முதல் 65 சதுர அடி, ஆக 4 லிட்டர் அல்லது கொஞ்சம் கூடுதல். இரண்டு அறைக்கும் ஒரே நிறம் என்றால் ஒரே டின்னாக மெஷினில் கலக்கி வாங்குங்கள், மறுமுறை கலக்கும்போது நிறம் மயிரிழை மாறலாம். பிரைமரில் டின்னில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாது. வாளியில் கண் அளவுக்கு ஊற்றுகிறார்கள், அடுத்த நாள் கையால் தடவினால் மாவு.

#22 மூணாவது மாடி

ஒரே ஒரு சுவரில்தானே வால்பேப்பர், பக்கத்துச் சுவரோடு சேரும் மூலையில் பழைய பெயிண்டுக்கும் புதுப் பட்டிக்கும் மேடு பள்ளம் வருமே?

#23 பட்டிபிளேடு

உள்மூலையில பெருசாத் தெரியாது, பிளேடை மூலையில செங்குத்தா ஒரே இழுப்பா இறக்கினா போதும். தெரியறது எங்கன்னா, வால்பேப்பர் சுவர் நடுவுல முடிஞ்சிருந்தா, இல்ல ஃபால்ஸ் சீலிங் போட்டதுக்கு அப்புறம் ஒட்டியிருந்தா. அந்த ஓரத்துல பட்டியை 6 இன்ச்சுக்குக் கொஞ்சம் கொஞ்சமா மெலிச்சு இழுத்து விடணும்.

பட்டி தேய்ச்சு முடிச்சதும் ராத்திரியில லைட்டெல்லாம் அணைச்சு, ஒரு டார்ச்சைச் சுவரோட ஒட்டினாப்ல பக்கவாட்டுல பிடிங்க. ஒவ்வொரு பிளேடு கோடும் நிழலாத் தெரியும். பென்சில்ல வட்டம் போட்டு வச்சு மறுநாள் டச்சப் பண்ணுங்க. பால்பாயிண்ட், மார்க்கர் வேணாம், எமல்ஷன்ல ஊறி வெளிய வரும். ஒரு கை பிரைமர் அடிச்சுட்டு இன்னொரு தடவை பாருங்க, பட்டியில தெரியாதது பிரைமர்ல தெரியும். டச்சப் பண்ண இடத்துக்கு மறுபடி பிரைமர் தொடணும், இல்லன்னா எமல்ஷன் அங்க மட்டும் மங்கலா நிக்கும். டிவி சுவர்ங்கறதால ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டுல விழுதான்னு பாருங்க. விழுந்தா பளபளப்பு எமல்ஷன் வேணாம், மேட் எடுங்க.

#24 வேளச்சேரி வாசி

ஜன்னல் பக்கவாட்டில்தான். மேட்டே எடுக்கிறேன். பெயிண்டரிடம் பேசிவிட்டேன், கழுவும் வேலையை நாங்களே செய்துகொள்கிறோம், சுரண்டலில் இருந்து அவர் ஆரம்பிப்பார். பிளம்பர் நாளைக்கு வருகிறார்.

#25 கட்டுமானக் கிறுக்கன்

பிளம்பர் வரும்போது நீர்ப்போக்கியின் வாயைச் சுற்றி டைல்ஸுக்கும் அதற்கும் இடையில் இடைவெளி இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். சுவரை உடைப்பதற்கு முன்னால்.